இருநூறு மீற்றர், கச்சான் காற்று

இருபத்திரண்டுத் தோட்டா
என் சுண்டுவிரலின் கடைசிக் கணு அளவு.
நடுவில் தட்டினால் பேசாது, விளிம்பில் ஊசி இறங்கவேண்டும்.
ஐம்பது மீற்றர்வரை சொன்ன சொல் கேட்கும்.
இருநூறுக்கு அனுப்பினாலோ
ஓர் ஆள் உயரம் கீழே சரிந்து
களைத்த தபாற்காரன்போலப் போய்ச் சேரும்.
அதனால் என் குழல்
மண்மேட்டின் உச்சிப் புல்லைப் பார்க்கிறது,
என் கண் கீழே காகிதத்தைப் பார்க்கிறது.
இரண்டுக்கும் இடையிலுள்ள பொய்யை
கிளிக் கிளிக்கென்று எண்ணி வைக்கிறேன்.

அம்பாறையில் ஆடி மாதம்.
கொண்டவட்டவான் குளத்துக்கு அப்பால்
கல்லுடைத்துக் கைவிட்ட குழிதான் எங்கள் றேஞ்ச்.
எருமை குறுக்கே வந்தால் சிவப்புக் கொடி.
அது போகும்வரை எல்லோரும் தண்ணீர் குடிப்போம்.
ஆளுக்கு ஐம்பது தோட்டா,
மாலையில் ஐம்பது வெற்றுக் கோது எண்ணிக் கொடுக்கவேண்டும்.
ஒன்று குறைந்தாலும் முழங்காலில் நின்று
புல்லுக்குள் தேடவேண்டும், பொலிஸ்காரிகள்.

கச்சான் மேற்கிலிருந்து வருகிறது.
சும்மா வருவதில்லை,
குழியின் வாயில் ஒரு வேகம், நடுவில் ஒரு சுழி,
இலக்கருகே ஒன்றுமே இல்லாததுபோல் ஒரு நடிப்பு.
பழைய சேலையைக் கிழித்து மூன்று கம்பில் கட்டினோம்.
மூன்றும் மூன்று கதை சொல்லின.
காற்று கொஞ்சம் முனைந்தால்
தோட்டா ஒரு முழம் கிழக்கே போய்விடும்.

ஜெசீமா என் பக்கத்தில் குப்புறக் கிடந்து
தூரக்கண்ணாடியில் கானலை வாசிப்பாள்.
"ஓடுது, ஓடுது... பொறு...
இப்ப நிண்டு கொதிக்குது. விடுகா."
விடுவேன்.
இடப்பக்கம், கீழே.
"காத்துத்தான்" என்பேன்.
மறுபடி. இடப்பக்கம், கீழே.
காற்றோ வலப்பக்கம் தள்ளுகிற காற்று.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சி.ஆர். கொப்பியில் புள்ளி வைத்துக்கொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவளே தோட்டா போட்டுத் தந்தாள்.
மூச்சை விட்டேன், பாதியில் நிறுத்தினேன்,
விரலை மெல்ல இழுத்தேன்.

டிக்.

சத்தமில்லை, புகையில்லை,
உள்ளே இருந்தது வெற்றுக் கோது.
ஆனாலும் என் தோள் முன்னே பாய்ந்தது,
குழல் இடப்பக்கம் தலைகுனிந்தது.
வெடிக்காத ஒன்றுக்கு
என் உடம்பு முழுதும் பதுங்கியிருந்தது.

"கண்ண மூடுறாய்" என்றாள்.
"இண்டைக்கு மட்டுமில்ல. எல்லாத்துக்கும்."

வெல்லாவெளியில், ஆறு வயதில்,
இரண்டு நெல் மூட்டைக்கு நடுவில் மூடிய கண்.
யார் யாரைச் சுட்டார்கள் என்று அன்று எனக்குத் தெரியாது.
ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு முறை மூடினேன்.
எண்ணவில்லை. இமை எண்ணியிருக்கிறது.
இருபத்தாறு வருடம் கழித்து,
சம்பளத்துக்குப் படுத்திருக்கும் இந்தப் பாயில்,
கணக்கைக் கொண்டுவந்து நீட்டுகிறது.

இதை ஜெசீமாவிடம் சொல்லவில்லை.
சம்மாந்துறையில் அவளுக்கும் ஓர் ஆறு வயது இருந்திருக்கும்.
தண்ணீர்ப் போத்தலைத் தள்ளி வைத்தாள்,
அடுத்ததைப் போட்டாள்.
இது வெடிக்குமா, வெடிக்காதா என்று
இருவரில் ஒருவருக்குத்தான் தெரியும்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால்
துவக்கு இல்லை. விளக்குமாற்றுக் கட்டையைத்
தோளில் வைத்துக் குப்புறக் கிடக்கிறேன்.
சுவரில் பொட்டளவு கரி.
அம்மா அடுத்த அறையில் கச்சான் கோது உடைக்கிறாள்,
பட். கொஞ்சம் பொறுத்து, பட்.
எப்போது வரும் என்று தெரியாத அந்தச் சத்தத்துக்கு
இமையைத் திறந்தே வைத்திருக்கப் பார்க்கிறேன்.
"சத்தம் கேக்காமச் சுடுறியா?" என்கிறாள்.
"ஓமம்மா. நீங்க உடையுங்க."

கொப்பியில் கடைசிப் பக்கம், என் கையெழுத்து:
புதன். கச்சான், நடுக்கம்பில் பலம்.
ஐம்பதில் காகிதத்தில் பட்டது முப்பத்தொன்று.
வெடிக்கும்போது இலக்கைக் கண்டது ஒன்பது.
அந்த ஒன்பதில் நாலு வெளியே.
எங்கே போயின என்று கண்டேன்.